தேவதாஸ் என்று ஏன் சிரித்தோம்?



போன வாரம் என் பேத்தி காதில் இயர்போனோடு மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "எப்பப் பாரு அழுமூஞ்சிப் பாட்டு" என்று மருமகள் கடிந்துகொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரலாற்று வாத்தியார் அல்லவா, மனசு பின்னோக்கிப் போய்விட்டது.

1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா காலமானார். வயது 27. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. அவரைக் காதலித்துக் கைப்பிடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயதுதான். வெள்ளைச் சேலையும் விபூதியுமாக ஒதுங்கிப் போனார். அவரைத் திரைக்குக் கொண்டுவந்த படம் 1935-ல் வந்த 'பக்த நந்தனார்'. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆண் வேடத்தில் நடித்தார். அவருடைய பக்திப் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் என் அம்மா சொல்வாள்: "சாமியைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. ஆனா அவ கூப்பிடறது அவரைத்தான்."

அதே 1935-ல் கல்கத்தாவில் பி.சி. பரூவா, சரத் சந்திரரின் 'தேவதாஸ்' நாவலை வங்காளிப் படமாக எடுத்தார். நாவல் 1917-ல் வெளிவந்தது. மறு வருஷம் இந்தியில் எடுத்தபோது தேவதாஸாக நடித்துப் பாடியவர் கே.எல். சைகல். கொட்டகைப் பாடகர் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி அழ வேண்டும். சைகலுக்கு முன்னால் மைக் இருந்தது. தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல் பாட முடிந்தது. கேட்டவனுக்கும் தன் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. சோகப் பாட்டு மேடையிலிருந்து இறங்கி ஒற்றை மனுஷனிடம் வந்தது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

1953-ல் 'தேவதாஸ்' தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. நாகேஸ்வரராவ், சாவித்திரி நடிப்பு, கண்டசாலா குரல். இசையமைத்தவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் சி.ஆர். சுப்பராமன். படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 1952 ஜூனில், 28 வயதில் போய்விட்டார். மிச்ச வேலையை முடித்துக்கொடுத்தவர்கள் அவருடைய உதவியாளர்களான விஸ்வநாதனும் ராமமூர்த்தியும். அந்தப் பாட்டுகளைத் தமிழ்நாடே பாடியதை அவர் கேட்கவில்லை.

அப்படிப் பாடியவர்களில் எங்கள் பெரியண்ணனும் ஒருவர். அவர் மனசில் வைத்திருந்த பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ராத்திரி திண்ணையில் சாய்ந்துகொண்டு மெல்லப் பாடுவார். வீட்டில் எல்லோரும் அவரை 'தேவதாஸ்' என்றே கூப்பிட்டோம். எட்டு வயசுப் பையன் நானும்தான். அண்ணன் பிறகு கல்யாணம் செய்து, பேரன் பேத்தி கண்டு, நிறைவாகத்தான் போனார். ஆனால் அந்த ராத்திரிகளில் ஒருவர்கூட அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

பெரியவனாகியும் எனக்குப் புத்தி வரவில்லை. 1984 என்று நினைவு. பிளஸ் டூ வகுப்பில் ஒரு பையன் வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் முழுக்கச் சோகப் பாட்டாக எழுதி வைத்திருந்தான். "வாய்யா தேவதாஸ்" என்று சொல்லி வகுப்புக்கே வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்குக் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அந்த வருஷம்தான் அவன் அம்மா வீட்டைவிட்டுப் போயிருந்தார் என்பது பிறகுதான் என் காதுக்கு வந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாத்தியார் என்ற வீம்பு விடவில்லை. பரீட்சை முடிந்து அவனும் போய்விட்டான்.

தம்பி, இதை நீ படித்தால் இந்தக் கிழவனை மன்னித்துவிடு. அந்த நோட்டை நான் வாசித்திருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மாடியேறிப் போய்ப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும் ஒரு காதுக்குக் குடும்மா" என்றேன். பாட்டு புரியவில்லை. அவள் எதுவும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. இருட்டும்வரை இருந்தோம்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் யார், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்? கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.