மூன்றாண்டு உறுப்பினர், முப்பதாண்டுப் பணி

1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். அவர் உறுப்பினராக இருந்தது ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் தேவதாசி முறையை ஒழிக்க அவர் கொண்டுவந்த மசோதா அப்போது சட்டமாகவில்லை, அவர் மக்கள் வாக்கால் வந்தவரும் அல்லர் என்று சிலர் அவர் பணியைக் குறைத்து மதிப்பிடலாம். ஆனால் 1929இல் அவர் முயற்சியால் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்டிருந்த இனாம் நிலங்களை அந்த ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. அந்த அர்ப்பணிப்புச் சடங்கான பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தாங்கிய பொருளாதாரத் தூண் ஊழியத்தோடு பிணைந்த அந்த நிலங்கள்தான்.

தேவதாசிப் பெண்கள் பலரே, வாழ்வாதாரமும் கலையும் போகும் என்று இந்த ஒழிப்பு முயற்சியை எதிர்த்தார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. அவர்கள் குரலை வரலாறு இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். எனினும் சிறுமியைச் சம்மதமின்றி அர்ப்பணிக்கும் உரிமை எந்தக் கலைக்கும் இல்லை. பதவியை விட்டபின் அவர் ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லத்தை நிறுவினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானார். 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டமும் வந்தது. சட்டமன்ற உறுப்பினரை அவர் அமர்ந்த ஆண்டுகளால் அல்ல, தொடங்கி வைத்த மாற்றத்தால் அளப்பதே நியாயம்.