வாத்தின் காலில் ஒரு பயணம்

புதிதாக வெட்டிய குளத்தில், எவரும் கொண்டுவந்து விடாமலே நாளடைவில் நீர்ச்செடிகளும் நத்தைகளும் குடியேறிவிடுவதை நீங்கள் கண்டிருக்கலாம். நிலத்தில் நெடுந்தூரம் செல்ல இயலாத இவை எப்படி வந்தன?

இவ்வினா சார்லஸ் டார்வினையும் வாட்டியது. ஒவ்வோர் இனமும் ஓரிடத்தில் தோன்றியே பிற இடங்களுக்குப் பரவியது என்பது அவர் கொள்கை. தொடர்பற்ற குளங்களுக்கு ஒரே இனம் சென்ற வழியைக் காட்டாவிட்டால் அக்கொள்கையே ஆட்டம் கண்டுவிடும்.

எனவே சோதனையில் இறங்கினார். நத்தை முட்டைகள் பொரியும் தொட்டியில் வாத்தின் கால்களைத் தொங்கவிட்டார். அவற்றில் ஒட்டிக்கொண்ட நத்தைக் குஞ்சுகள் ஈரக்காற்றில் 12 முதல் 20 மணி நேரம் உயிரோடிருந்தன. அதற்குள் ஒரு வாத்து 600, 700 மைல்களாவது பறக்கக்கூடும் என்றார்.

பின்னர் சிறு குளமொன்றின் கரையோரம், நீருக்கடியில், மூன்று இடங்களில் மூன்று கரண்டி சேறு எடுத்தார். உலர்ந்தபின் எடை 6¾ அவுன்சு. சுமார் 190 கிராம். ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்த செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537! இவற்றை 1859-இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் வெளியிட்டார்.

மீன்கள்? வாத்து விழுங்கிய கெண்டை முட்டைகளில் ஏறத்தாழ 500-க்கு ஒன்று உயிருடன் வெளிவருவதை ஹங்கேரி நாட்டு ஆய்வு 2020-இல் காட்டியது.

வந்தவை யாவும் நிலைப்பதில்லை. அக்குளத்து நீரும் உணவும் பகைவரும் இடங்கொடுத்தவையே அங்கு ஒரு சமுதாயமாகின்றன. அடுத்த முறை குளக்கரையில் வாத்தைக் கண்டால், அதன் கால்களையும் சற்று உற்றுப் பாருங்கள்.