விஸ்கிப் பணம்: ஒரு கல்விக்கொடையின் வரலாறு

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளுண்ணாமைக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். முன்னது 40ஆம் அதிகாரம், பின்னது 93ஆம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே ஐம்பத்திரண்டு அதிகாரங்கள் உள்ளன. 1890ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இவ்விரண்டையும் ஒரே சட்டத்திற்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. சாராயத்தின்மீதும் பீரின்மீதும் விதித்த கூடுதல் வரியை எடுத்துத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம் என்றது அச்சட்டம். மக்கள் அதற்கு இட்ட பெயர் 'விஸ்கிப் பணம்'. இங்கிலாந்தின் கல்வி வரலாற்று நூல்களிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. ஒரு கல்லூரியை யார் ஆள்வது என்ற கேள்வியும், அதற்கு யார் பணம் தருவது என்ற கேள்வியும் உண்மையில் ஒரே கேள்வியின் இரு முகங்கள். அதனை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன். எனவேதான் இதனைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சியில் உலகத்தின் தொழிற்கூடம் தானே என்று பிரிட்டன் பெருமிதம் கொண்டிருந்தது. 1867இல் பாரிஸில் நடந்த கண்காட்சியிலோ அதன் பொருள்கள் பிற நாட்டுப் பொருள்களின் முன் மங்கிப்போயின. அங்கே நடுவராக இருந்த வேதியியலாளர் லயன் பிளேஃபேர் இதுகுறித்துக் கவலையோடு எழுதிய கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் தொழிலுக்கு வேண்டிய அறிவியலைக் கற்பிக்கும் கல்விக்கூடங்கள் அரசின் செலவில் வளர்ந்துகொண்டிருந்தன. சூரிச்சின் பாலிடெக்னிக் 1855இலேயே திறக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் தொழிலறிவு என்பது பட்டறையில் மேஸ்திரியின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதாகவே இருந்தது. செயற்கைச் சாயத்தை 1856இல் முதன்முதலாகக் கண்டெடுத்தவன் பதினெட்டு வயது லண்டன் இளைஞனான வில்லியம் பெர்கின். ஆனால் அச்சாயத் தொழில் செழித்தது ஜெர்மனியில்! பெர்கினின் ஆசிரியரான ஹாஃப்மனும் ஜெர்மானியரே. அவரும் 1865இல் தாயகம் திரும்பிவிட்டார்.

1881இல் ஓர் அரசாணைக்குழு அமைக்கப்பட்டது. இரும்புத் தொழிலதிபரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பெர்ன்ஹார்ட் சாமுவெல்சன் அதன் தலைவர். குழுவினர் ஐரோப்பிய நாடுகளின் பள்ளிகளையும் தொழிற்சாலைகளையும் நேரில் கண்டு, 1884இல் விரிவான அறிக்கையைத் தந்தார்கள். 'பிற நாடுகள் கற்பிக்கின்றன. நாம் கற்பிக்கவில்லை' என்பதுதான் சாரம். இதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் சட்டம் வர மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1887இலும் 1888இலும் கொண்டுவந்த மசோதாக்கள் கரைசேரவில்லை.

தடைகள் மூன்று. முதலாவது, பணம். உள்ளூர்ச் சொத்துவரியை உயர்த்தினால் வரி செலுத்துவோர் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டாவது, ஆளுகை. 1870இன் கல்விச் சட்டத்தால் தோன்றிய பள்ளி வாரியங்களிடம் இதை ஒப்படைப்பதா, நகராட்சிகளிடம் தருவதா? பொதுப்பணம் திருச்சபைப் பள்ளிகளுக்குப் போய்விடுமோ என்று அரசுத் திருச்சபையைச் சாராத கிறித்தவர்கள் ஐயுற்றார்கள். மூன்றாவது, பாடம். நெசவையும் சாயமிடுதலையும் வகுப்பறையில் கற்பித்தால் தம் தொழில் இரகசியங்கள் வெளியேறிவிடும் என்று முதலாளிகள் அஞ்சினார்கள். பயிற்சிமுறை சிதைந்து கூலி குறையும் என்று தொழிலாளர் சங்கங்கள் அஞ்சின.

1889இன் தொழிற்கல்விச் சட்டம் இம்மூன்று அச்சங்களுக்கும் இடையே வளைந்து நெளிந்து பிறந்தது. ஒரு பவுண்டு சொத்து மதிப்புக்கு ஒரு பென்னிக்கு மிகாமல் வரி விதிக்கலாம். அதிகாரம் பள்ளி வாரியங்களுக்கு இல்லை. கவுண்டி கவுன்சில்களுக்கும் நகராட்சிகளுக்கும் உண்டு. கவுண்டி கவுன்சில்களோ அந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கற்பிக்க வேண்டியது தொழிலுக்கு அடிப்படையான அறிவியல், கலைக் கோட்பாடுகளை. எந்தத் தொழிலின் செய்முறையையும் கற்பித்தல் இதில் அடங்காது என்று வரையறை வகுத்தார்கள். தொழிற்கல்விச் சட்டம் தொழிலைக் கற்பிக்கக் கூடாது என்கிறது! ஆனால் அதே வரையறையின் முடிவில் ஒரு வாசலும் இருந்தது. தம் வட்டாரத்திற்கு இன்ன பாடம் தேவை என்று உள்ளாட்சி அமைப்பு கேட்டு, அறிவியல்-கலைத் துறை இசைந்தால், நவீன மொழிகளும் வணிகமும் வேளாண்மையும்கூடக் கற்பிக்கலாம்.

இச்சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. ஏற்கெனவே உள்ள ஒரு பள்ளிக்கு உள்ளாட்சி அமைப்பு உதவி தந்தால், அதன் நிர்வாகக் குழுவில் அவ்வமைப்பின் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். எத்தனை பேர்? நாடாளுமன்ற மானியம் நீங்கலாகப் பிற வழிகளில் வரும் மொத்தத் தொகையில் உள்ளாட்சியின் உதவி எவ்வளவு பங்கோ, ஏறக்குறைய அவ்வளவு பங்கு. பணத்தையும் அதிகாரத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துச் சமன்செய்யும் முயற்சி இது. கால் பங்கு தருபவனுக்குக் கால் பங்குக் குரல். பிற்காலத்தில் கல்லூரி நிர்வாகம் பற்றி எழுந்த எத்தனையோ சண்டைகளின் விதை இந்த ஒரு விதிக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தராசில் இட வேண்டிய பணம்? பென்னி வரியை விதிக்கத் துணிந்த ஊர்கள் மிகச் சில. சட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது.

இந்த நிலையில்தான் 1890ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் வந்தது. நிதியமைச்சர் கோஷன் சாராயத்திற்கும் பீருக்கும் கூடுதல் வரி விதித்தார். கல்வி அவர் மனத்தில் இல்லை. நாட்டில் மதுக்கடைகள் மிகுந்துவிட்டன. சிலவற்றின் உரிமங்களை இழப்பீடு கொடுத்து வாங்கி மூடிவிடலாம் என்பது அரசின் திட்டம். உள்ளாட்சி வாரியத் தலைவர் ரிட்சி அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார்.

மதுவிலக்கு இயக்கத்தார் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அவர்களோ கொதித்தெழுந்தார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமத்திற்கு இழப்பீடு தந்தால், அதனைக் கடைக்காரனின் சொத்து என்று அரசே ஒப்புக்கொண்டதாகாதா? ஜூன் மாதம் லண்டன் ஹைட் பார்க்கில் பெருங்கூட்டம் திரண்டது. டபிள்யூ. எஸ். கெய்ன் என்ற உறுப்பினர் இதன்பொருட்டுத் தம் பதவியையே துறந்து, மீண்டும் தேர்தலில் நின்று தோற்றார். எதிர்ப்பைத் தாங்க முடியாமல் அரசு இழப்பீட்டுப் பகுதியைக் கைவிட்டது.

இப்போது விசித்திரமான நிலைமை. வரி விதித்தாயிற்று, பணம் வரத் தொடங்கிவிட்டது, செலவிடக் காரணம் இல்லை! அந்த நேரத்தில் எழுந்தவர் ரோதர்ஹாம் தொகுதி உறுப்பினர் ஆர்தர் அக்லண்ட். பாதிரிப் பணியைத் துறந்து அரசியலுக்கு வந்தவர். 1887இல் தோன்றிய தொழிற்கல்வி வளர்ச்சிச் சங்கத்தின் செயலாளர்களுள் ஒருவர். கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தொழிற்கல்விக்குத் தரலாமே என்றார். அரசு அதனைக் கட்டளையாக ஏற்கவில்லை, அனுமதியாக ஏற்றது. காவலர் ஓய்வூதியத்திற்கு ஒரு பகுதி போக, எஞ்சிய தொகை கவுண்டி கவுன்சில்களுக்கும் பெருநகராட்சிகளுக்கும் செல்லும். அவர்கள் அதைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம். விரும்பினால் உள்ளூர் வரியைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். இங்கிலாந்திற்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,50,000 பவுண்டு.

தற்செயல் என்று இதைச் சொல்லலாம். ஆனால் தற்செயலாகக் கிடைத்த பணத்தை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பது இருபது ஆண்டுகளாக அறிக்கை எழுதியும் கூட்டம் போட்டும் தோற்றுவந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய்க்கால் முன்பே வெட்டப்பட்டிருந்ததால் தண்ணீர் வயலுக்குப் போயிற்று.

அது எப்படிப் பாய்ந்தது என்பதே இதில் முக்கியமானது. அதுவரை அறிவியல் வகுப்புகளுக்குக் கிடைத்த அரசு மானியம், தேர்வு முடிவைப் பொறுத்தது. எத்தனை மாணவர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். தேர்ச்சி விகிதத்தை வைத்து ஆசிரியரை அளக்கும் வழக்கம் புதிதன்று என்பதை நம் கல்லூரி நண்பர்கள் கவனிக்கலாம். விஸ்கிப் பணத்திற்கு அந்த நிபந்தனை இல்லை. கட்டடம் கட்டலாம், ஆய்வுக்கூடம் அமைக்கலாம், ஆசிரியருக்கு நிலையான ஊதியம் தரலாம், ஏழை மாணவனுக்கு உதவித்தொகை தரலாம். கிராமப்புறக் கவுன்சில்கள் பால்பண்ணை வகுப்புகளை ஊர் ஊராக அனுப்பின. கென்ட், சர்ரே கவுண்டிகள் சேர்ந்து 1894இல் வை என்னும் ஊரில் வேளாண் கல்லூரி திறந்தன. மான்செஸ்டர் நகராட்சி 1892இல் அங்கிருந்த தொழிற்பள்ளியைத் தானே ஏற்று, பெரிய கட்டடம் எழுப்பியது. 1902இல் அதனைத் திறந்துவைத்தவர் பிரதமர் பால்ஃபர்.

லண்டன் கவுன்சில் மட்டும் முதலில் முழுத்தொகையையும் வரிக்குறைப்பிற்கே பயன்படுத்திக்கொண்டது. 1893இல் சிட்னி வெப் தலைமையில் தொழிற்கல்வி வாரியம் அமைந்த பிறகு நிலை மாறியது. வெப் சட்டத்தின் அந்த வாசலை அகலத் திறந்துவைத்தார். 1895இல் தோன்றிய லண்டன் பொருளியல் பள்ளிக்கும் இவ்வாரியத்தின் உதவி கிடைத்தது. அதே வாரியம் ஆதரித்த பாட்டர்சி பாலிடெக்னிக் 1966இல் சர்ரே பல்கலைக்கழகமாயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்பணம் குடிப்பதன் அளவைப் பொறுத்தது. நாடு குடியை விட்டால் ஆய்வுக்கூடத்தின் விளக்கு அணையும். ஒவ்வொரு கவுண்டியும் தன் விருப்பப்படி நடந்ததால் ஓரிடத்தில் கல்லூரியும் பக்கத்துக் கவுண்டியில் வெறுமையும் இருந்தன. தொடக்கப்பள்ளிக்கு ஒரு நிர்வாகம், தொழிற்கல்விக்கு இன்னொன்று, இடைநிலைக் கல்விக்கு யாருமில்லை என்ற குழப்பமும் வளர்ந்தது. 1902இன் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களை ஒழித்து, எல்லாவற்றையும் கவுன்சில்களின் கீழ்க் கொண்டுவந்தது. விஸ்கிப் பணத்தை இனி உயர்கல்விக்குச் செலவிட்டே ஆக வேண்டும் என்று, 'லாம்' என்றிருந்ததை 'வேண்டும்' என்றாக்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி நடத்திப் பழகியிராவிட்டால் கவுன்சில்களிடம் அவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைக்க எவரும் துணிந்திருக்க மாட்டார்கள். பணம் போன இடத்திற்குப் பின்னாலேயே அதிகாரமும் போய்ச் சேர்ந்தது.

பதவி துறந்த கெய்னைப் பற்றி ஒரு செய்தி. அவர் இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையவர். 1888இல் ஆங்கிலோ-இந்திய மதுவிலக்குச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். இந்திய அரசின் கலால் கொள்கையைக் கண்டித்து 1889 ஏப்ரலில் மக்களவையில் தீர்மானம் நிறைவேறக் காரணமாக இருந்தவர்களில் அவரும் உண்டு. இந்தியர் குடித்து அரசுக்கு வருவாய் சேர்வதைக் கண்டித்த அதே அவை, அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் குடித்துக் கல்லூரிக்கு வருவாய் சேர வழிசெய்தது.

அதே நாடாளுமன்றம் 1919இல் இயற்றிய இரட்டையாட்சிச் சட்டத்தின்கீழ், மாகாணங்களில் கல்வியும் கலால் வருவாயும் சேர்ந்தே இந்திய அமைச்சர்களின் கைக்கு வந்தன. பள்ளி வேண்டுமானால் கள்ளுக்கடை வேண்டும் என்ற நிலை. 1937இல் காந்தி இதனைக் கொடிய முரண் என்று சுட்டிக்காட்டி, கல்வி தன் செலவைத் தானே ஈட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். அதே ஆண்டு ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி வந்தது.

இங்கிலாந்தில் மதுவிலக்காளர்கள் இழப்பீட்டை எதிர்த்தார்கள், வரியை ஏற்றார்கள். காந்தி வரியையே எதிர்த்தார். வேறுபாடு முக்கியமானது. அங்கே பணம் எதிர்பாராத உபரியாக வந்தது. நிறுத்தினாலும் தொடக்கப்பள்ளி நிற்காது. இங்கே அது அடித்தளமாக இருந்தது. உபரியை வைத்துக் கல்லூரி கட்டுவதற்கும், அடித்தளத்தையே மதுக்கடையில் இடுவதற்கும் உள்ள தூரம் அது. ஒரு கல்விக்கூடத்தின் வரவுசெலவுக் கணக்கைப் படிக்கும்போது எவ்வளவு வந்தது என்பதோடு, எங்கிருந்து வந்தது, அது நின்றுபோனால் எது நிற்கும், தந்தவன் எத்தனை நாற்காலி கேட்டான் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1889இலும் 1890இலும் வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்கப்பட்டவை இக்கேள்விகளே. அவற்றுக்கு அங்கே கிடைத்த விடைகள் அரைகுறையானவை. ஆனால் கேள்விகள் முழுமையானவை. இன்றும் நாம் கேட்க வேண்டியவை.