தொலைந்த சுழியங்கள்: விரிதாளும் நடைத்தாளும்

மாணவரின் பதிவெண் 00417. இணையப் பக்கத்தில் ஐந்து இலக்கங்களும் ஒழுங்காக நின்றன. அதே பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கித் திறந்தபோதோ 417 மட்டுமே எஞ்சியது. முன்னின்ற இரு சுழியங்கள் எங்கே போயின? தேர்வுப் பணிகளில் நாம் பலமுறை எதிர்கொண்ட இவ்வினா, கணினி வரலாற்றின் ஒரு கிளைக்கதைக்குள் நம்மை இட்டுச் செல்கிறது.

விரிதாள் கணக்கிடுவோருக்காகப் பிறந்தது. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்குப் படைத்த விசிகால்க், 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மேக்கின்டாஷுக்கான எக்செல் என அம்மரபு வளர்ந்தது. கணக்கிடுவோருக்கு முன்சுழியத்தால் பயனில்லை. ஆதலின், எண்போல் தோன்றுவதை எண்ணாகவே கொள்வது எக்செலின் இயல்பாயிற்று.

நடைத்தாளின் பிறப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. 1994 அக்டோபரில், செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோக்கன் வியூம் லீ, வலைப்பக்கங்களுக்கான நடைத்தாளை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் அவருடன் இணைந்து உழைத்தார். 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் முதற்படி, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. உள்ளடக்கம் ஓரிடம், தோற்றம் ஓரிடம் என்பதே அதன் கொள்கை. தான் அறியாத பண்பைக் கண்டால் உலாவி அதைப் பொருட்படுத்தாது கடந்து செல்லவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இவ்விரு மரபுகளும் 1999-இல் வெளிவந்த ஆஃபிஸ் 2000-இல் சந்தித்தன. ஒரு விரிதாளை எச்டிஎம்எல் பக்கமாகச் சேமித்து, மீண்டும் எக்செலில் திறந்தாலும் அதன் அமைப்புக் குலையாதிருக்க வேண்டும் என மைக்ரோசாஃப்ட் விரும்பியது. அதற்காக 'எம்எஸ்ஓ' என்னும் முன்னொட்டுடைய தனிப் பண்புகளை நடைத்தாளுக்குள் வைத்தது. உலாவி அவற்றைக் கடந்து செல்லும். எக்செல் அவற்றைப் படிக்கும்.

நிரலாளர்கள் இவ்வாயிலை விரைவில் கண்டுகொண்டனர். எக்செலின் அன்றைய இரும வடிவில் கோப்பெழுதுவது கடினம். எச்டிஎம்எல் அட்டவணை எழுதுவதோ எளிது. எனவே, வழங்கியில் அட்டவணையை ஆக்கி, அதற்கு எக்செல் கோப்பெனப் பெயரிட்டு அனுப்பினர். கட்டக்கோடு, பின்னணி நிறம், எழுத்துத் தடிமன் ஆகியவற்றை வழக்கமான சிஎஸ்எஸ் பார்த்துக்கொண்டது. தொலைந்த சுழியத்துக்கும் அங்கே மருந்து இருந்தது. 'எம்எஸ்ஓ-நம்பர்-ஃபார்மட்' என்னும் பண்புக்கு "\@" என்று மதிப்பளித்தால், எக்செல் அக்கட்டத்தை உரையாகக் கொள்ளும். 00417 அவ்வாறே நிற்கும்.

இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டியுள்ளது. உள்ளடக்கத்தைத் தொடாதிருக்கப் பிறந்த நடைத்தாள், இங்கு உள்ளடக்கத்தையே காக்கும் காவலாயிற்று.

அவ்வாயில் பின்னர் குறுகியது. எக்செல் 2007 முதல், பெயரும் உள்வடிவும் பொருந்தாத கோப்பைத் திறக்குமுன் எச்சரிக்கை தோன்றலாயிற்று. 2006-இல் எக்மா தரமாகவும் 2008-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்ட ஓப்பன் எக்ஸ்எம்எல் வடிவம் புதுவழி திறந்தது. அதிலும் வடிவமைப்பு விதிகள் தனிக் கோப்பிலேயே உறைகின்றன.

இது சிறு தொல்லை எனத் தள்ளிவிடலாகாது. எக்செல் பட்டியல்களை இணைத்த மரபணுவியல் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், மரபணுப் பெயர்கள் பிழைபட்டிருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. 'மார்ச்1' என்னும் மரபணுவை எக்செல் மார்ச் முதல் தேதியாகக் கொண்டது. முடிவில், 2020-இல் மரபணுவே 'மார்ச்எஃப்1' எனப் பெயர் மாறிற்று! தானியங்கு மாற்றங்களை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-இல்தான் அளித்தது.

ஓலையில் புள்ளியிடாது எழுதிய ஏடுகளைப் படித்தோர் இதனை உணர்வர். மெய்யா, உயிர்மெய்யா என்று பதிப்பாசிரியர் ஒவ்வோரிடத்தும் உய்த்தறிய வேண்டியிருந்தது. புள்ளி வெறும் தோற்றம் அன்று, முன்சுழியமும் அத்தகையதே. படிப்பவர் உய்த்தறிவார் என விட்டுவிடாமல், எழுதுபவரே தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று. கணினியிடம் அது இன்றியமையாதது.