பத்துக் கிராம் விதியின் வரலாறு

பாலக்காட்டு மாவட்டத்தின் வடகிழக்கே, நீலகிரியையும் கோயம்புத்தூரையும் ஒட்டிக் கிடக்கும் மலைநாடு அட்டப்பாடி. பவானியும் சிறுவாணியும் பாயும் அந்நாட்டில் இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அங்கே இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் இடுப்பு வலியால் கால் தாங்கி நடப்பாராயின், அது முதுமையின் தேய்மானம் அன்று. பிறவியிலேயே குருதியில் அமைந்த நோயின் விளைவாக இருக்கக்கூடும். மூட்டினை மாற்ற விழையும் மருத்துவர் முதலில் குருதியை அளப்பது ஏன்? அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். 100 மில்லிலிட்டர் குருதியில் அது ஆடவர்க்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் குறையின் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றும்பொழுது குருதி மிகுதியாக வெளியேறும். முன்னமே குறையுடையவர் அவ்விழப்பைத் தாங்குவது அரிது.

1942-இல் அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்னும் இருவர், ஹீமோகுளோபின் 8 முதல் 10 கிராமுக்குக் கீழ் இருப்பின் அறுவைக்கு முன் குருதி செலுத்துதல் நன்று என எழுதினர். நாளடைவில் அதுவே ‘பத்துக் கிராம் விதி’யாக நிலைபெற்றது. 1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றத்தைச் செம்மைப்படுத்திய காலத்தும் அவ்விதி ஓங்கியிருந்தது.

1980-களில் எய்ட்ஸ் நோய் குருதி வழியும் பரவுவது தெரிந்தபின், ‘இக்குருதி தேவைதானா?’ என்னும் வினா எழுந்தது. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 2,016 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. அறுவைக்குப்பின் ஹீமோகுளோபின் 8 கிராமாகக் குறையும்வரை பொறுத்திருந்தாலும் தீங்கு மிகுவதில்லை என அது காட்டியது. ஆதலின் இன்று, திட்டமிட்ட அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே சோகையின் காரணத்தைத் தேடுகின்றனர். இரும்புச் சத்துக் குறைவா, கொக்கிப் புழுவா, முழங்கால் வலிக்கு நெடுநாள் உண்ட மாத்திரையால் வயிற்றில் குருதிக் கசிவா என ஆராய்ந்து மருந்தளிக்கின்றனர்.

ஆயினும் அட்டப்பாடி இளைஞரின் நிலை வேறாகலாம். 1910-இல் சிகாகோ நகரத்து மருத்துவர் ஹெரிக், அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களை முதன்முதல் விவரித்தார். குற்றம் ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே உள்ளது என 1949-இல் பாலிங் குழுவினர் நிறுவினர். இது பெரிதும் ஆப்பிரிக்க வழியினரின் நோய் எனக் கருதப்பட்ட வேளையில், 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதன் கூற்றினைக் கண்டனர். அவர்களுள் இருளரும் இருந்தனர். அவ்வினத்தாரே அட்டப்பாடியிலும் வாழ்கின்றனர்.

வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும். அதனால் தொடையெலும்பின் தலை குருதியின்றி மடியும். இளமையிலேயே மூட்டு மாற்ற நேரும். இச்சோகை இரும்பு மருந்தால் தீராது. இரும்புக் குறைவும் உடனிருந்தால் மட்டுமே அம்மருந்து பயன்படும். அரிவாளணு நோயுடையோர்க்கு முன்கூட்டியே குருதி செலுத்திச் சுமார் 10 கிராம் அளவுக்கு உயர்த்துவது, அறுவையின்போதும் பின்னும் நேரும் கொடிய சிக்கல்களைக் குறைக்கும் என 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அளவுக்கு மிஞ்சினாலோ குருதி தடித்து ஓட்டம் தடைப்படும். ஏனையோர்க்குத் தளர்ந்த பழைய விதி, இவர்கட்குப் புதிய காரணத்தோடு உயிர்பெற்றது!

2013-இல் அட்டப்பாடியில் அடுத்தடுத்து நிகழ்ந்த சிசு மரணங்கள், அங்குள்ள தாய்மாரின் ஊட்டக்குறையையும் சோகையையும் நாடறியச் செய்தன. அரிவாளணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கிற்று. மலைநாட்டு மக்களின் குருதியைச் சோதித்து அறிதலே அதன் முதற்படி.

வெளிறிய முகங்கள் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றின் காரணம் ஒன்றன்று. ஒருவர்க்கு மருந்தாவது மற்றவர்க்குப் பயனற்றுப் போகலாம். எனவே, மூட்டு மாற்றத்திற்கு நாள் குறிக்குமுன், ‘எம் குருதியின் அளவு என்ன? குறைவாயின் காரணம் யாது?’ என்னும் இரு வினாக்களையும் மருத்துவரிடம் கேட்டறிதல் நம் கடமையாகும்.