ரூப்குண்ட் எலும்புக்கூடு ஏரி: எல்லாரும் ஒரே நாள்லயா செத்தாங்க? (நீண்ட இழை)

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த வாட்ஸப் ஃபார்வேர்டு வந்துடும். இமயமலையில ஒரு ஏரி, தண்ணிக்குள்ள நூத்துக்கணக்கான மண்டையோடு. 1,200 வருஷத்துக்கு முன்னால கிரிக்கெட் பந்து சைஸுக்கு ஆலங்கட்டி விழுந்து எல்லாரும் ஒரே நாள்ல செத்துட்டாங்களாம். கடைசியில "விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு வரி.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2019-லயே அந்தக் கதை உடைஞ்சுபோச்சு. எப்படி உடைஞ்சதுன்னு இந்த இழையில பார்ப்போம். சமீபமா நம்ம இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பையங்க சிலர் இமயமலை ட்ரெக்கிங்குக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டு வந்தாங்க. அதனால கடைசியில கொஞ்சம் வைத்தியமும் இருக்கும், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல இடம். உத்தரகாண்ட் மாநிலம் சமோலி மாவட்டம். 7,120 மீட்டர் உயரத் திரிசூல் மலையின் மடியில, 5,029 மீட்டர்ல இருக்கு ரூப்குண்ட். பனியாறு கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து பாறையைக் குடைஞ்சு விட்டுப்போன பள்ளம் அது. உருகின பனி அதுல தேங்கி ஏரியாச்சு. நம்ம நாஞ்சில் நாட்டுக் குளம் மாதிரி யாரும் வெட்டிக் கரை போட்டதில்ல. அளவும் ரொம்பச் சின்னது, சுமார் 40 மீட்டர் அகலம்தான். வருஷத்துல பெரும்பாலான மாசம் உறைஞ்சு கிடக்கும்.

அந்த உயரம் நமக்குக் கற்பனைக்கே எட்டாது. இராஜாக்கமங்கலம் துறையில கால் நனைச்சா உயரம் பூஜ்யம். நம்ம மகேந்திரகிரி 1,654 மீட்டர். மூணு மகேந்திரகிரியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் ரூப்குண்டைத் தொட 67 மீட்டர் குறையும். அங்க காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல ஏறக்குறைய பாதி. காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போற அளவு பாதி.

வழி லோஹாஜங்ல இருந்து தொடங்கும். காடு, அப்புறம் ஆலி, பேத்னி என்ற பெரிய மலைப்புல்வெளிகள். புக்யால்னு சொல்வாங்க, மழைக்காலத்துல பூ விரிச்சுக் கிடக்கும். அதுக்கு மேல மரமே கிடையாது. பகுவாபாசாவுல கூர்மையான கருங்கல் சில்லுக்கு நடுவுல ராத்திரி தங்கிட்டு, விடியுறதுக்கு முன்னாலயே ஏறணும். வெயில் ஏறிட்டா பனி இளகிக் கால் வழுக்கும். மேல போய் எட்டிப்பார்த்தா கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அடியில பச்சைத் தண்ணி, ஓரமெல்லாம் எலும்பு.

1942-ல வன அதிகாரி எச்.கே.மத்வால் இதைக் கண்டு வெளியே சொன்னார். அது உலகப் போர் நேரம், பர்மா ஜப்பான் கையில. அதனால முதல்ல வந்த பயம், மலைவழியா நுழையப் பார்த்த ஜப்பான் சிப்பாய்களோ என்பதுதான். எலும்பு ரொம்பப் பழசுன்னு தெரிஞ்சதும் அந்தப் பயம் போச்சு. அடுத்து 1841-ல திபெத் மேல படையெடுத்துப் போன ஜோராவர் சிங்கோட ஆட்களா இருக்கும்னு ஒரு ஊகம். ஆனா போர் ஆயுதம் எதுவும் கிடைக்கல. பொம்பளைங்க எலும்பும் இருந்துச்சு. 1950-கள்ல மானுடவியல் ஆய்வாளர்கள் ஏறிப் போய் எலும்புகளைக் கீழ கொண்டுவந்தாங்க. குளிர் நல்லாப் பாதுகாத்திருந்ததால சிலதுல சதையும் முடியும்கூட ஒட்டியிருந்துச்சு.

மலைமக்கள்கிட்ட வேற கதை இருந்தது. கன்னோஜ் ராஜா ஜஸ்தவல், கர்ப்பிணி ராணியோடும் ஆட்டக்காரிகளோடும் நந்தாதேவி யாத்திரைக்கு வந்தார். புனித மலையில ஆட்டமும் பாட்டமுமா போனதால தேவி கோபப்பட்டு இரும்பு மாதிரி ஆலங்கட்டியை எறிஞ்சு எல்லாரையும் கொன்னுட்டா. 12 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற நந்தாதேவி ராஜ் ஜாத் யாத்திரை இன்னைக்கும் இந்த ஏரி ஓரமாத்தான் போகுது.

2004 வாக்குல ஒரு ஆய்வுக்குழு சில மண்டையோட்டுல மேலேயிருந்து விழுந்த அடி இருக்கிறதைப் பார்த்தாங்க. கார்பன் சோதனை சுமார் கி.பி. 850-ன்னு காட்டுச்சு. நாட்டுப்புறக் கதையும் ஆய்வும் கைகோத்த மாதிரி ஆயிடுச்சு. இதைவிட அழகான முடிவு பத்திரிகைகளுக்குக் கிடைக்குமா?

இங்கதான் எனக்கு ஒரு மருத்துவரா இடிக்குது. ஆஸ்பத்திரியில இறப்புக் காரணச் சான்றிதழ் எழுதும்போது ஒரு ஆளுக்கு ஒரு படிவம். நூறு பேர் செத்துக்கிடந்தா நூறு படிவம். ஒருத்தர் மண்டையில அடி இருக்குன்னு பக்கத்துல கிடக்கிறவருக்கும் அதையே எழுதிட முடியாது. ஏரியில கிடந்தவங்க எண்ணிக்கையை 300-லிருந்து 800 வரைக்கும் மதிப்பிடுறாங்க. அந்த மாதிரி அடி இருந்ததோ வெகு சிலருக்கு.

ஆலங்கட்டி பொய்னு நான் சொல்லல. 1888 ஏப்ரல் 30-ல மொராதாபாத் பக்கம் ஒரே ஆலங்கட்டி மழையில 246 பேர் செத்தது பதிவான உண்மை. எலும்பு உடைஞ்சு ஆள் உயிரோட இருந்தா சில வாரத்துல விளிம்புல புது எலும்பு வளரும். ரூப்குண்ட் மண்டையோடு சிலதுல அந்த வளர்ச்சி இல்ல. அப்ப அவங்க அடிபட்டபோதே செத்திருக்கணும். ஆலங்கட்டியா, உருண்டு வந்த கல்லா, ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. ஆனா அந்தச் சிலரைத் தாண்டி மத்தவங்களுக்கு?

2019 ஆகஸ்ட்ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக், எடாயின் ஹார்னி எல்லாரும் சேர்ந்த பெரிய குழு. 38 பேரோட மரபணுவைப் படிச்சாங்க. 23 ஆண், 15 பெண். நெருங்கின சொந்தம்னு ஒரு ஜோடிகூட இல்ல. அப்ப குடும்பம் குடும்பமா வந்தவங்க இல்ல. தொத்துநோய்க் கிருமிக்கான தடயமும் இல்ல.

வம்சம் பார்த்தா 23 பேர் தெற்காசியர். அவங்ககூட ஒரே கூட்டம் இல்ல, 7-ஆம் நூற்றாண்டுல இருந்து 10 வரைக்கும் வெவ்வேற காலத்துல செத்தவங்க. ஒருத்தர் தென்கிழக்காசியர். மீதி 14 பேர்? இன்னைய கிரேக்கம், கிரீட் தீவு மக்களோட ஒத்துப்போற கிழக்கு மத்தியதரைக்கடல் ஆட்கள்! அந்த 14 பேரும் தென்கிழக்காசியரும் செத்தது ஏறத்தாழ 1800 வாக்குல. அதாவது முதல் கூட்டத்துக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு, அதே குழியில.

சாப்பாடும் வேற. நாம திங்கிறதோட தடயம் எலும்புல கார்பனாப் பதிஞ்சிருக்கும். அரிசி, கோதுமைக்கு ஒரு அடையாளம். கம்பு, தினை, கேழ்வரகுக்கு வேற அடையாளம். தெற்காசியக் கூட்டத்துல சிறுதானியமும் கலந்திருந்துச்சு, மத்தியதரைக்கடல் கூட்டத்துல அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. கிரேக்க ஆட்கள் திரிசூல் அடிவாரத்துக்கு எதுக்கு வந்தாங்கன்னு சொல்ற எழுத்துப் பதிவு எதையும் ஆய்வாளர்கள் இதுவரை காட்டல.

சரி, மண்டையில அடி இல்லாதவங்க எதால செத்திருக்கலாம்? குளிர்ல உறைஞ்சு செத்தா எலும்புல தடயம் இருக்காது. உயரத்துல நுரையீரல்ல நீர் கோத்துச் செத்தாலும் இருக்காது. அந்த நோயையே மருத்துவ உலகம் தெளிவாப் புரிஞ்சுக்கிட்டது 1960-கள்லதான். அதுக்கு முன்னால நிமோனியான்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. 1962 சீனப் போரையொட்டி நம்ம ராணுவம் சமவெளிச் சிப்பாய்களை அவசரமா மலைக்கு ஏத்தினப்போதான் பாதிப்பு கூட்டம் கூட்டமாத் தெரிஞ்சது. ராணுவ டாக்டர் என்.டி.மேனன் லே பகுதி நோயாளிகளைப் பத்தி 1965-லயும், இந்தர் சிங் குழு 1,925 வீரர்களைப் பத்தி 1969-லயும் எழுதின கட்டுரைகளை இன்னைக்கும் உலகம் மேற்கோள் காட்டுது. அப்படியிருக்க கி.பி. 800-ல ஏறின யாத்ரீகனுக்கு யார் என்ன சொல்லியிருப்பாங்க?

என்னை உண்மையிலேயே உறுத்துறது வேற விஷயம். ரூப்குண்ட் எலும்பு எதுவும் கிடந்தபடி கிடக்கல. பாதிப் பழி கல்சரிவுக்கு. மீதிப் பழி மனுசங்களுக்கு. போறவங்க மண்டையோட்டைக் கூட்டி வச்சு போட்டோ எடுத்தாங்க, சிலர் ஞாபகார்த்தமா பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்தாங்க, கூடக் கிடந்த பொருள்களையும் விட்டுவைக்கல. ஒரு தொடையெலும்புக்குள்ள அந்த ஆளோட வம்சம், காலம், சாப்பாடு மூணும் இருக்கு. எங்கயோ ஒரு வீட்டு ஷோகேஸ்ல உட்கார்ந்திருக்கிற எலும்பு பதினைஞ்சாவது கிரேக்கரோடதா இருக்கலாம். 2018 ஆகஸ்ட்ல உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்கள்ல ராத்திரி தங்கத் தடை போட்டு, போறவங்க எண்ணிக்கையையும் 200-க்குள்ள கட்டுப்படுத்துச்சு. காரணம் எலும்பு இல்ல, புல்வெளி நாசமாகிறது. ஆனா கூடாரம் போட முடியாம வழக்கமான ரூப்குண்ட் ட்ரெக் நின்னுபோச்சு. என்னைக் கேட்டா, நல்லதுதான்.

இப்ப வைத்தியம். வேற எந்த மலை ஏரிக்குப் போனாலும் இது பொருந்தும். 3,000 மீட்டருக்கு மேல ராத்திரி தூங்குற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயர்த்தாதீங்க. மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் ஏறாம இருங்க. தலைவலியோட வாந்தி, தள்ளாட்டம் வந்தா அது "சாப்பாடு சேரல" இல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, இருமல் வந்தா, விடியட்டும்னு காத்திருக்காம உடனே கீழ இறங்கிடுங்க. ஜிம் உடம்பு இதுக்குக் காப்பு இல்ல. அசிட்டசோலமைட் மாத்திரையை நண்பன் சொன்னான்னு போடாதீங்க. சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடணும்.

ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை இருக்கிறவங்க கைலாஷ் யாத்திரை போகலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுக்குத் தனி இழை எழுதுறேன். மத்த சந்தேகத்தை இங்கயே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் வந்து பதில் போடுறேன்.