வண்ணச் சுவர்களுக்குப் பின்னே ஒரு வரலாறு



தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் துறைமுக நகரில், சிக்னல் குன்றின் சரிவில் ‘போ-காப்’ எனும் முஸ்லிம் குடியிருப்பு உள்ளது. பச்சை, மஞ்சள், ஊதா என வீட்டுக்கொரு வண்ணம் தீட்டப்பட்ட அத்தெருக்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஆனால், அச்சுவர்களின் அழகைவிட அங்கு காக்கப்பட்ட ஈமானே நமக்குப் படிப்பினையாகும்.

1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே குடியேற்றத்தை அமைத்தது. இந்தோனேஷியத் தீவுகள், வங்கம், இலங்கை, மடகாஸ்கர், நமது சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சொந்தப் பெயரையும் இழந்தனர். கம்பெனியை எதிர்த்த ஆலிம்களும் அங்கே நாடு கடத்தப்பட்டனர். இஸ்லாமிய வணக்கங்களைப் பகிரங்கமாக நிறைவேற்றத் தடையும் இருந்தது.

அவ்வாறு 1780-இல் கொண்டுவரப்பட்டவர்தாம் திதோர் தீவின் இமாம் அப்துல்லாஹ். ‘துவான் குரு’ என மக்கள் அன்புடன் அழைத்த அப்பெரியார், பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா அடைக்கப்பட்ட அதே ராபன் தீவில் சிறையிருந்தார். அங்கே நினைவிலிருந்தே திருக்குர்ஆனை எழுதினார். 1781-இல் மார்க்க நூலொன்றையும் எழுதி முடித்தார். விடுதலையானதும் டார்ப் தெருவில் மத்ரஸா தொடங்கினார். அடிமைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அதில் ஓதினர்.

1794-இல் அதே தெருவில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசலான ‘அவ்வல் மஸ்ஜித்’ உருவானது. அந்த இடம் யாருடையது தெரியுமா? இலங்கையிலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற கோரிடன் என்பவருடையது! அவருக்குப்பின் அவருடைய மகள் சார்ட்ஜியின் கைக்கு வந்தும் அது பள்ளிவாசலாகவே நிலைத்தது. வழிபாட்டு உரிமை 1804-இல்தான் கிடைத்தது. அடிமை முறையோ 1834-இல்தான் ஒழிக்கப்பட்டது. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதியதுபோல், அம்மக்கள் தாம் பேசிய ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி மார்க்கம் பயின்றனர்.

நிறவெறி அரசு 1966-இல் அருகிலிருந்த ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை வெள்ளையருக்கென அறிவித்து, பின்னர் வீடுகளை இடித்துத் தள்ளியது. போ-காப் தப்பியது. ஆனால், இன்று வீட்டு விலையும் வரியும் உயர்ந்து, பழைய குடும்பங்கள் அங்கே நிலைத்திருக்கப் போராடுகின்றன. குடும்பங்கள் வெளியேறிவிட்டால் பாங்கொலிக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்?

சகோதர, சகோதரிகளே! விலங்குக்குள் இருந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். சுதந்திரமாக வாழும் நாம், “மத்ரஸாவுக்கு அனுப்ப நேரமில்லை” என்று கூறலாமா? வீட்டிற்கு வண்ணம் பூசுவதில் காட்டும் அக்கறையை, அவ்வீட்டில் வளரும் பிள்ளைகளின் ஈமானிலும் காட்டுவோமாக! வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.